ஒரே ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு உலக வரலாற்றைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உலக வரலாற்றை முழுசாகப் படித்துவிடுவது என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் சுமேரியாவில் தொடங்கி, எகிப்தில் களைத்து, ரோம் வருவதற்குள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. ஐயாயிரம் ஆண்டுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டே போனால் மன்னர்களின் பெயரும் போர்களின் பெயரும்தான் மிஞ்சும்.

வேறு வழி ஒன்று உண்டு. ஒரு திருப்புமுனை நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, அன்று அங்கே இருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்று கேட்பது. முடிவு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. இந்த ஒன்றை மறக்காமல் படித்தால், சிலையாக நிற்கும் ஆட்கள் எல்லாம் குழப்பத்தில் முடிவெடுக்கும் சாதாரண மனிதர்களாக மாறிவிடுவார்கள். சுவாரஸ்யம் அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: காலகட்டம் வேண்டாம், நாள் வேண்டும்

பிரெஞ்சுப் புரட்சியைப் படிக்கிறேன் என்றால் பத்து வருஷத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள். 1789 ஜூலை 14 என்றால் ஒரு கோட்டை, ஒரு கூட்டம், ஒரு பகல். பின்னது கைக்குள் அடங்கும்.

எந்த நாளை எடுப்பது? இரண்டு விஷயம் பாருங்கள். அந்த நாளைப் பற்றி ஒருவருக்கு மேல் எழுதியிருக்க வேண்டும்; உங்களுக்கு உண்மையாகவே ஒரு கேள்வி இருக்க வேண்டும். "இது முக்கியமான நிகழ்ச்சி என்று சொல்கிறார்கள்" என்பது கேள்வி ஆகாது. "இது எப்படி இவ்வளவு சீக்கிரம் நடந்தது?" என்பது கேள்வி.

முதல் முறை செய்கிறவர்களுக்கு இருபதாம் நூற்றாண்டு வசதி. ஒளிப்பதிவு இருக்கும், பேட்டிகள் இருக்கும், கோப்புகள் திறந்திருக்கும். என்னைக் கேட்டால் 1989 நவம்பர் 9ஐ எடுக்கச் சொல்வேன். கிழக்கு, மேற்கு பெர்லினைப் பிரித்து நின்ற பெர்லின் சுவர் திறந்த நாள். இந்த வழிகாட்டியின் முதல் பாதிக்கு அதையே வைத்துக்கொள்வோம்.

படி 2: மணிக்கணக்கில் எழுதுங்கள்

ஒரு நோட்டில் இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் என்ன நடந்தது, யாருக்கு என்ன தெரியும். அவ்வளவுதான். நவம்பர் 9க்கு அது இப்படி வரும்.

மாலை 6 மணி. கிழக்கு ஜெர்மனி ஆளும் கட்சியின் செய்தித் தொடர்பாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர் சந்திப்பைத் தொடங்குகிறார். தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. சற்று முன்புதான் கட்சித் தலைவர் எகோன் கிரென்ஸ் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தார். வெளிநாடு செல்வதற்கான புதிய விதிகள். அந்த விதிகளைப் பேசி முடிவு செய்தபோது ஷபோவ்ஸ்கி அங்கே இல்லை. செய்தி மறுநாள் அதிகாலை 4 மணிக்குத்தான் வெளிவர வேண்டும் என்பதும், மக்கள் அலுவலகத்தில் விண்ணப்பித்துத்தான் போக முடியும் என்பதும் திட்டம்.

7 மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு. கூட்டம் முடியப்போகும் நேரத்தில் பயணம் பற்றிக் கேள்வி வருகிறது. அவர் தாளை எடுத்துப் படிக்கிறார். எப்போதிலிருந்து நடைமுறை என்று கேட்கிறார்கள். தாள்களைப் புரட்டுகிறார், தடுமாறுகிறார். தனக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்கிறார்.

இரவு 8 மணி. மேற்கு ஜெர்மனியின் செய்தியில் இது தலைப்பு. கிழக்கு பெர்லின்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதும் அந்தச் செய்தியைத்தான். ஆட்கள் எல்லைச் சாவடிகளை நோக்கி நடக்கத் தொடங்குகிறார்கள்.

இங்கே கேமராவைத் தலைவர்களிடமிருந்து திருப்பி போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடிக்குக் கொண்டு போங்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர் ஹரால்ட் யேகர், ஸ்டாசி உளவுத்துறையின் லெப்டினன்ட் கர்னல். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஷபோவ்ஸ்கியின் அறிவிப்பைத் தொலைக்காட்சியில் கேட்டவர். மேலதிகாரிகளுக்குப் போன் மேல் போன் போடுகிறார். உருப்படியான உத்தரவு எதுவும் வரவில்லை. வெளியே கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. கடைசியில், ரொம்பச் சத்தம் போடுகிறவர்களை மட்டும் வெளியே அனுப்பிவிடு என்று ஒரு யோசனை வருகிறது. அதில் ஒரு சூதும் உண்டு: அடையாள அட்டையில் உள்ள புகைப்படத்தின் மேல் முத்திரை குத்திவிட்டால் அவர்கள் திரும்பி வர முடியாது, குடியுரிமை போயிற்று.

அப்படிப் போனவர்களில் ஓர் இளம் தம்பதி சும்மா மேற்கே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நின்றார்கள். வீட்டில் குழந்தைகள். உங்களுக்கு அனுமதி இல்லை என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய வேலை யேகருடையது. அவர் விதியை மீறி உள்ளே விட்டார். இரவு 11.30 வாக்கில் தடுப்பைத் திறக்கச் சொன்னார்.

நேரப் பட்டியல் போடாமல் படித்திருந்தால் "மக்கள் சுவரை உடைத்தார்கள்" என்ற ஒரே வரியோடு இது முடிந்திருக்கும். பட்டியல் போட்டதும் தெரிவது வேறு: அந்த இரவின் பெரும்பகுதி ஓர் அதிகாரி போனை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்த நேரம்.

நேரம் எழுதும்போது நாட்காட்டி விஷயத்தில் ஜாக்கிரதை. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நம் கணக்கில் 1917 நவம்பர் 7. ரஷ்யா பழைய ஜூலியன் நாட்காட்டியை 1918 பிப்ரவரியில்தான் விட்டது. ஷேக்ஸ்பியரும் செர்வான்டஸும் 1616 ஏப்ரல் 23 என்ற ஒரே தேதியில் இறந்ததாக அடிக்கடி எழுதுவார்கள். இங்கிலாந்தில் அப்போது பழைய நாட்காட்டி, ஸ்பெயினில் புதியது. பத்து நாள் இடைவெளி. அந்த அதிசயம் அத்தோடு காலி.

படி 3: அங்கிருந்து பின்னால் போங்கள்

நேரப் பட்டியல் ஓர் ஆபத்தையும் கொண்டுவரும். ஷபோவ்ஸ்கி உளறாமல் இருந்திருந்தால் சுவர் இன்னும் நின்றிருக்கும் என்று தோன்ற ஆரம்பிக்கும். அதனால் அடுத்த பக்கத்தில் மூன்று தூரங்களில் காரணங்களை எழுதுங்கள்: சில வாரங்கள், சில மாதங்கள், சில பத்தாண்டுகள்.

வாரங்கள்: அக்டோபர் 9 அன்று லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் ஊர்வலம் போனார்கள், துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை. அக்டோபர் 18ல் நீண்டகாலத் தலைவர் ஹோனெக்கர் பதவியிழந்தார். மாதங்கள்: மே மாதம் ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லை வேலியைப் பிரிக்கத் தொடங்கியது, செப்டம்பர் 11ல் கிழக்கு ஜெர்மானியர்களுக்கு எல்லையைத் திறந்துவிட்டது. சுவரைச் சுற்றிக்கொண்டு போக வழி கிடைத்த பிறகு சுவருக்கு என்ன வேலை? பத்தாண்டுகள்: 1953ல் கிழக்கு பெர்லினில், 1956ல் புடாபெஸ்டில், 1968ல் பிராகில் மக்கள் எழுந்தபோது சோவியத் டாங்கிகள் வந்தன. 1989ல் வரவில்லை. சோவியத் தலைவர் கோர்பசேவ் அனுப்பவில்லை.

இப்போது பாருங்கள். சுவர் விழுவதற்கான காரணங்கள் மாதக்கணக்கில் சேர்ந்து கிடந்தன. அந்த வியாழன் இரவே, ஒரு குண்டு வெடிக்காமல் அது நடந்ததற்குக் காரணம் இரண்டு ஆட்கள். ஒருவர் உளறினார், இன்னொருவர் சுடச் சொல்லவில்லை. எது நடந்தது என்பதற்கும் அது எப்போது, எப்படி நடந்தது என்பதற்கும் தனித்தனியாகக் காரணம் தேடப் பழகிவிட்டால், "தனிமனிதர்களா, சூழ்நிலையா" என்ற தீராத பட்டிமன்றத்தில் பாதி கரைந்துவிடும்.

1914 ஜூன் 28, சரயேவோவிலும் இதே கதைதான். ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார் மேல் காலையில் வீசிய குண்டு தவறியது. பாதையை மாற்றுவது என்று முடிவானது. ஓட்டுநருக்கு யாரும் சொல்லவில்லை. கார் பழைய பாதையில் திரும்பி நின்ற இடத்தில் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் நின்றிருந்தான். கொலைக்கு அந்தத் திருப்பம் காரணம். உலகப் போருக்கு? அதற்குள் ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில் வியன்னா, பெர்லின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன் என்று ஒவ்வொரு தலைநகரிலும் எடுத்த முடிவுகள் இருக்கின்றன. பிரின்சிப் சாண்ட்விச் வாங்க வந்தவன் என்று இணையத்தில் சுற்றும் கதையை நம்ப வேண்டாம், அதற்கு அக்காலச் சான்று கிடையாது.

படி 4: வரைபடத்தை விரித்து வையுங்கள்

அக்கால வரைபடம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் இன்றைய வரைபடத்தில் பழைய இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். ஏன் என்பதற்குக் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போதும்.

1453 ஏப்ரல் 6 முதல் மே 29 வரை ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரை முற்றுகையிட்டார். அவருக்கு அப்போது 21 வயது. நகரம் முக்கோணம்: மேற்கே நிலத்தில் ஆயிரம் ஆண்டுகள் பழைய பெருமதில், தெற்கே மர்மரா கடல், வடக்கே தங்கக் கொம்பு என்ற கடல் கழி. கழியின் வாயில் ஒரு பெரிய சங்கிலி கட்டியிருந்தார்கள். ஒட்டோமான் கப்பல்கள் நுழைய முடியாது. ஏப்ரல் 22 அன்று மெஹ்மத் தன் கப்பல்களைக் கரையேற்றி, மேட்டு நிலத்தின் மேல் இழுத்துச் சென்று, சங்கிலிக்கு உட்புறம் தண்ணீரில் இறக்கினார்.

இது எல்லோரும் சொல்வது. வரைபடத்தைப் பார்த்தால் இன்னொன்று கண்ணில் படும். கழியின் வடகரையில் கலாட்டா இருக்கிறது. அது ஜெனோவா வணிகர்களின் குடியிருப்பு, போரில் நடுநிலை. சங்கிலியின் ஒரு முனை அவர்கள் பக்கத்தில்தான் கட்டியிருந்தது. கப்பல்கள் இழுத்துச் செல்லப்பட்டது அவர்களுடைய மதிலுக்குப் பின்புறமாக. அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? முற்றுகைக்குள் இருந்த வெனிஸ்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள், கோபமாக. அந்தக் கோபம் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

படி 5: யார் எழுதியது, எப்போது, யாருக்காக

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் ருசியானது.

கான்ஸ்டான்டினோபிள் நில மதிலைக் காத்த படைக்குத் தலைவர் ஜியோவானி ஜியுஸ்டினியானி, ஜெனோவாக்காரர். கடைசித் தாக்குதலின் நடுவில் அவர் இடத்தை விட்டுப் போனார், அதன்பின் காவல் சரிந்தது. ஏன் போனார்?

நிக்கோலோ பார்பரோ ஒரு கப்பல் மருத்துவர், நகருக்குள் இருந்தவர், நாட்குறிப்பு எழுதியவர். ஜியுஸ்டினியானி ஓடிவிட்டார் என்கிறார். காயம் என்ற பேச்சே இல்லை. கியோஸ் தீவைச் சேர்ந்த பேராயர் லியோனார்டும் உள்ளே இருந்தவர். அதே ஆண்டு போப்பாண்டவருக்கு எழுதிய கடிதத்தில், அவருக்குக் காயம் பட்டது என்கிறார். கிரித்தோவோலஸ் என்ற கிரேக்கர் சில ஆண்டுகள் கழித்து வரலாறு எழுதினார். அவரும் காயத்தைச் சொல்கிறார்.

பார்பரோ வெனிஸ்காரர், ஜெனோவாமீது தீராத பகை. லியோனார்ட் ஜெனோவாவின் ஆட்சியில் இருந்த தீவில் பிறந்தவர். கிரித்தோவோலஸ் தன் நூலைச் சமர்ப்பித்தது மெஹ்மதுக்கே. யார் நேர்மையானவர் என்று கேட்டால் ஒன்றும் நகராது. தனக்குப் பாதகமான, அல்லது தனக்கு லாபமே இல்லாத விஷயத்தை ஒருவர் சொன்னால் அதற்கு எடை அதிகம். பகை இல்லாத இருவர் தனித்தனியாகச் சொன்னால் இன்னும் அதிகம். ஜியுஸ்டினியானி சில நாட்களில் இறந்துபோனார் என்பதையும் சேர்த்தால் காயம் உண்மை என்ற பக்கம் தராசு சாயும். அந்தக் காயத்தோடு அவர் நின்றிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதற்கு ஆவணம் பதில் சொல்லாது.

இதையே மற்ற ஆட்களுக்கும் செய்து பாருங்கள். சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதவில்லை. பிளேட்டோவின் சாக்ரடீஸ், செனோபோனின் சாக்ரடீஸ், நாடக மேடையில் அரிஸ்டோபனீஸ் கிண்டல் செய்த சாக்ரடீஸ் என மூவர் இருக்கிறார்கள். கொலம்பஸின் முதல் பயணக் குறிப்பேட்டின் மூலம் தொலைந்துவிட்டது. நாம் படிப்பது லாஸ் காஸஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் அதைச் சுருக்கி எழுதியதை. மாலியின் பேரரசர் மன்சா மூசா 1324ல் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்த கதை அல்-உமரி எழுதியதிலிருந்து வருகிறது. அவர் கெய்ரோவுக்கு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. பார்த்தவர்களிடம் கேட்டு எழுதினார். அதனால் பொய் என்று ஆகாது, ஊர்ப்பேச்சு ஊதியிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

படி 6: மேற்கோளையும் எண்ணையும் சந்தேகியுங்கள்

புகழ்பெற்ற ஆளின் வாயில் அழகான வாக்கியம் இருந்தால், அது முதன்முதலில் அச்சில் எந்த ஆண்டு வந்தது என்று தேடுங்கள். ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று பிரெஞ்சு அரசி மரி அன்டோனெட் சொன்னதாகச் சொல்வார்கள். பெயர் சொல்லாமல் ஏதோ ஓர் இளவரசி இப்படிச் சொன்னதாக ரூசோ தன் சுயசரிதையில் எழுதியது 1760களில். மரி அன்டோனெட் 1755ல் பிறந்தவர், பிரான்சுக்கு வந்ததே 1770ல்.

எண்களுக்கு இன்னொரு சோதனை: சோறும் தண்ணீரும். பாரசீக மன்னர் செர்க்சஸ் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தபோது அவரோடு வந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று பழங்கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குப் போடுகிறார். படை குடித்தே ஆறுகள் வற்றின என்றும் எழுதுகிறார். மனுஷன் ரசித்து எழுதியிருக்கிறார். ஆனால் அத்தனை வாய்க்குத் தானியம் எங்கிருந்து வந்தது, வரிசையின் தலை கிரேக்கம் சேர்ந்தபோது வால் எங்கே இருந்தது என்று யோசித்தால் எண் தானாக இளைத்துவிடும்.

படி 7: ஆளைப் படிக்கும்போது அவர் எதிரியையும் படியுங்கள்

வாழ்க்கை வரலாறு என்றாலே பிறப்பு, வறுமை, உழைப்பு, வெற்றி என்று ஒரு அச்சு வந்துவிடுகிறது. அதை உடைக்க எளிய வழி, அவரை எதிர்த்தவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று நேர்மையாகக் கேட்பது.

ஹங்கேரிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் நல்ல பாடம். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் இருந்த பிரிவில் தாய்மார்கள் செத்தது, மருத்துவச்சிகள் இருந்த பிரிவைவிட மிக அதிகம். 1847ல் அவருடைய நண்பர் கொலெட்ஷ்கா, பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறி, அந்தத் தாய்மார்களைக் கொன்ற காய்ச்சல் போன்ற நோயில் இறந்தார். செம்மல்வைஸுக்குப் பொறி தட்டியது: பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகள். குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது.

அப்புறம் யாரும் கேட்கவில்லை, அவர் மனநல விடுதியில் 1865ல் இறந்தார், முட்டாள் உலகம் என்று கதையை முடிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். கிருமிக் கொள்கை அப்போது நிலைபெறவில்லை. கைகளில் ஒட்டி வருவதாக அவர் சொன்ன பிணத் துகள் என்றால் என்ன, அது எப்படிக் கொல்கிறது என்று கேட்டவர்களுக்கு அவரிடம் விளக்கம் இல்லை. தன் நூலை வெளியிட்டதே 1861ல், பதினான்கு வருஷம் கழித்து. அதன்பின் எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் திட்டினார். எண்கள் அவர் பக்கம்தான். எதிர்த்தவர்கள் அந்த எண்களைக் கண்டுகொள்ளாதது பெரிய குற்றம்தான். ஆனாலும் சரியாக இருப்பதும் மற்றவரை ஏற்க வைப்பதும் இரண்டு வேலைகள் என்பது இந்த விவரங்களைச் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்.

பெயரே கேள்விப்படாதவர்களையும் தேடுங்கள். 1962 அக்டோபர் 27, கியூபா ஏவுகணை நெருக்கடியின் உச்சம். அமெரிக்கக் கப்பல்கள் துரத்திய சோவியத் நீர்மூழ்கி பி-59ல் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ இருந்தது. கப்பலில் இருந்த அதிகாரி வசிலி அர்கிபோவ் தலைவரை அமைதிப்படுத்தி மேலே வரச் செய்தார் என்பது 2002ல் ஹவானாவில் நடந்த கருத்தரங்கையொட்டித்தான் உலகுக்குப் பரவலாகத் தெரிந்தது. உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதில் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. படி 5ஐ இங்கேயும் போட்டுப் பாருங்கள்.

படி 8: வெற்றி நாளோடு நிறுத்தாதீர்கள்

1791 ஆகஸ்டில் பிரெஞ்சுக் காலனியான செயின்ட் டொமிங்கில் (இன்றைய ஹைட்டி) அடிமைகள் எழுந்தார்கள். அவர்களை வழிநடத்திய துசைன் லூவெர்துயூர் 1802ல் பிடிபட்டு, அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையில் இறந்தார். 1804 ஜனவரி 1 அன்று அவருடைய தளபதியாக இருந்த தெசாலின் ஹைட்டியின் விடுதலையை அறிவித்தார். பெரும்பாலான சுருக்கங்கள் இங்கே கைதட்டி முடித்துவிடும்.

1825க்குப் போங்கள். பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்தின் முன் நிற்க, விடுதலையை அங்கீகரிக்கும் விலையாக 15 கோடி பிராங்க் கேட்கப்பட்டது. நிலத்தையும் அடிமைகளையும் இழந்த பழைய முதலாளிகளுக்கு நஷ்ட ஈடு! விடுதலை பெற்ற மனிதர்கள் தங்களுக்கே விலை கொடுத்தார்கள். 1838ல் தொகை 9 கோடியாகக் குறைந்தாலும், அதைக் கட்ட வாங்கிய கடன்கள் இருபதாம் நூற்றாண்டுவரை இழுத்தன. எந்தத் திருப்புமுனையை எடுத்தாலும் ஓராண்டு கழித்து, இருபது ஆண்டு கழித்து என்று இரண்டு இடத்தில் நின்று திரும்பிப் பாருங்கள்.

படி 9: எங்கே தேடுவது, எப்படி எழுதி வைப்பது

விக்கிப்பீடியா தொடங்குவதற்கு நல்ல இடம், முடிப்பதற்கு இல்லை. கட்டுரையைவிட அடிக்குறிப்புகளும் உரையாடல் பக்கமும் பயன்படும். எதில் சண்டை நடக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். பழைய நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவ், குட்டன்பெர்க் திட்டம். ஒப்பந்தங்கள், பிரகடனங்களுக்கு யேல் பல்கலைக்கழகத்தின் அவலான் திட்டம். பனிப்போர்க் கோப்புகளுக்கு வில்சன் மையத்தின் மின்னூலகம். எல்லாம் இலவசம். மொழி தெரியாத ஆவணத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் படிக்கலாம், ஆனால் அதிலிருந்து மேற்கோள் எடுக்க வேண்டாம்.

படித்ததை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். நேரப் பட்டியல், மூன்று தூரக் காரணங்கள், முரண்படும் சாட்சிகள், இருபது ஆண்டு கழித்து என்ன. பக்கத்தின் அடியில், இன்னும் விடை கிடைக்காத ஒரு கேள்வி. அந்தக் கேள்விதான் அடுத்த நாளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். நவம்பர் 9ஐ முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் வருவது, இந்தச் சுவரை ஒரே இரவில் எப்படி எழுப்பினார்கள் என்ற கேள்வி. அப்படியானால் அடுத்து எடுக்க வேண்டியது 1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. முதலில் வந்தது கான்கிரீட் இல்லை, முள்கம்பி. நோட்டில் புதுப் பக்கம் எடுத்து நள்ளிரவிலிருந்து தொடங்குங்கள்.